ஒரு வார்த்தைச் சட்டம்

ஆயுத பூஜையன்று காலை பதினோரு மணிக்கு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு டிராக்டருக்கு முன்னால் நின்றபடி பொன்னுச்சாமி ஒரு சட்டம் போட்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் போட்ட முதல் சட்டம் அது. கடைசிச் சட்டமும் அதுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் பிறந்த விதம் இப்படி. மற்றவர்கள் வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். பொன்னுச்சாமி பூச்சு வேலையே செய்வார். பானட்டில் ஒரு அப்பு, விளக்குகளில் இரண்டு அப்பு, ஸ்டியரிங்கில் சுற்றிலும் ஒரு வரப்பு. இப்படி அப்பிக்கொண்டே வந்த கை டீசல் டேங்கின் உச்சிக்குப் போனபோது, அவர் மனைவி முருகலட்சுமி வாயைத் திறந்தாள்.

"அங்கன வேணாங்க, அந்த..."

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. சுண்டல் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் இடையில் புகுந்துவிட்டாள். அவள் பொன்னுச்சாமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. மதினி முறை. கேலி பேச உரிமை உள்ளவள், அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்காதவள்.

"ஏன் கொழுந்தா, பொட்டு வைக்கிறதுக்குமா பொண்டாட்டி உத்தரவு?"

பொன்னுச்சாமிக்கு மீசை துடித்தது. அந்த வீட்டில் என்றைக்கு முடி வெட்டுவது, எந்தச் சட்டை போடுவது, யார் வீட்டு விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்னதாகப் போவது எல்லாவற்றையும் முருகலட்சுமிதான் முடிவு செய்தாள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. டிராக்டர் மட்டும் அவர் ராஜ்ஜியம். அதற்குள்ளும் ஆள் நுழைந்தால் எப்படி?

"இந்தா பாரு முருகு," என்றார், மதினிக்கும் கேட்கிற குரலில். "இன்னையிலருந்து இந்த வண்டி விசயத்துல நீ தலையிடக் கூடாது. கை வைக்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. எங்கிட்ட ஒரு வார்த்தைக்கு மேல பேசவே கூடாது. மெக்கானிக்கு வரக் கூடாது, வாடகை வண்டி வரக் கூடாது. நாலு ஏக்கரையும் நானே ஓட்டி மூடுவேன். புரிஞ்சுதா?"

"சரி," என்றாள் முருகலட்சுமி.

ஒரே வார்த்தை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். அவரோ, ஜெயித்த சந்தோஷத்தில் கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை மொத்தமாக வழித்து டேங்கின் உச்சியில் அப்பி, நடுவில் கட்டை விரல் அகலத்துக்குக் குங்குமமும் வைத்துவிட்டு, சுண்டல் சாப்பிடப் போனார்.

அந்த டிராக்டர் நீல நிறம். எண்பத்து ஒன்பதாம் வருஷ வண்டி. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது என்று சொல்வதுதான் நியாயம். சிக்கல் என்கிற ஊரில் முருகலட்சுமியின் அய்யா வைத்திருந்தது, அவள் கல்யாணத்தில் சீராக இங்கே வந்தது. ஆனால் பொன்னுச்சாமி எங்கேயும் "எங்க மாமனார் வண்டி" என்று சொன்னதில்லை. "நம்ம வண்டி" என்றும் சொன்னதில்லை. "என் வண்டி" என்றுதான் சொல்லுவார்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் அந்த மாதத்தில் எல்லோருக்கும் ஒரே அவசரம். மழைக்கு முன்னால் காய்ந்த நிலத்தில் நெல்லைத் தூவ வேண்டும். தூவிய கையோடு டிராக்டரை மேலாக ஒரு ஓட்டு ஓட்டி, விதையை மண்ணால் மூட வேண்டும். மூடிய விதை மழைக்குக் காத்திருக்கும். மூடாத விதையை மயில் தின்னும், மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகும். மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டிராக்டரை இறக்கவும் முடியாது. டிவியில் மூன்று நாளில் கனமழை என்று சொல்லியிருந்தார்கள்.

விதை முருகலட்சுமியுடையது. போன வருஷ அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, காயவைத்து, நொச்சி இலை போட்டு மூட்டை கட்டி, எலிக்கும் பூச்சிக்கும் எட்டு மாதம் காவல் இருந்தவள் அவள். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்ததும் அவளும் நாலு பெண்களுமாக நாலு ஏக்கரிலும் தூவிவிட்டு வரப்பில் ஏறி நின்றார்கள்.

"ம், எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்று பொன்னுச்சாமி வண்டியை எடுத்தார்.

வண்டி ஜம்மென்று போனது. ஒரு சால், இரண்டு சால், மூன்று சால். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இஞ்சின் சத்தம் இளைத்தது. புக், புக் என்று இரண்டு முறை திணறி, வயலின் நடுவில் நின்றுவிட்டது.

"டீசல் இல்லையோ என்னமோ," என்றது வரப்பிலிருந்து ஒரு குரல்.

பொன்னுச்சாமி டேங்க் மூடியைத் திருகி எடுத்து, ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். முக்கால் டேங்க் இருந்தது. மூடியைப் பழையபடி திருகினார். பிறகு பானட்டைத் தூக்கினார். டேங்குக்குக் கீழே தூசியும் தண்ணீரும் தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி மாட்டினார். கை பம்பை அமுக்கிக் குழாயிலிருந்த காற்றை எடுத்தார். சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

"பாத்தீகளா? கிண்ணத்துல அழுக்கு!" என்று வரப்பைப் பார்த்துக் கத்தினார்.

பத்து நிமிஷத்தில் வண்டி மறுபடி நின்றது.

மறுபடி மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஃபில்டரை மாற்றினார். வண்டி ஓடியது. "ஃபில்டருதான்!" என்று கத்தினார். பத்து நிமிஷத்தில் நின்றது. மூடியைத் திறந்து டீசலைப் பார்த்தார். இருந்தது. ஃபீட் பம்பைப் பிரித்து மாட்டினார். வண்டி ஓடியது. "பம்புதான்!" என்று கத்தினார். இந்த முறை எட்டு நிமிஷம்.

ஒவ்வொரு தடவையும் அவர் கண்டுபிடித்த கோளாறு சரியான கோளாறு போலவே பத்து நிமிஷம் நடித்துவிட்டு ஏமாற்றியது. மத்தியானம் கையெல்லாம் டீசலும் கன்னமெல்லாம் கிரீஸுமாக அவர் நின்றபோது, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த முருகலட்சுமி வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். டேங்கின் உச்சியில் காய்ந்து கெட்டியாகியிருந்த சந்தனத்தையும் பார்த்தாள்.

"மூடி," என்றாள்.

பொன்னுச்சாமிக்குச் சுருக்கென்றது. "என்னது? என்னைய வாய மூடச் சொல்றியா?"

"இல்ல."

"பின்ன?"

"மூடி."

"ஊரு ஆளுக நிக்கிறாக, புருசனப் பாத்து மூடிங்கிறா! நீ முதல்ல மூடு!"

அவள் தூக்கை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் மூடப்பட்டது ஒரே ஒரு ஏக்கர்.

சட்டத்தின் உண்மையான சொரூபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வண்டி விஷயத்தில் ஒரு வார்த்தை என்றுதான் பொன்னுச்சாமி நினைத்திருந்தார். முருகலட்சுமி அதை எல்லா விஷயத்துக்கும் நீட்டிவிட்டாள்.

"குழம்பு என்ன முருகு?"

"நேத்தைது."

"ரசம்?"

"தீந்துருச்சு."

"எம்புட்டுப் பசியா இருக்கு தெரியுமா? ஒரு அப்பளமாவது பொரிக்கலாம்ல?"

"பொரிக்கலாம்."

"அப்பப் பொரி."

"பொரிங்க."

ஒரு முழுக் குடும்பச் சண்டையை ஒரே வார்த்தைக்குள் மடித்து வைத்துவிட முடிகிற மொழி தமிழ். அதைப் பொன்னுச்சாமி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். வழக்கமாகச் சாப்பிடும்போது அவள் பேசுவாள். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, எந்த பஸ் நேரம் மாறியது என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், அவர் 'ம்' கொட்டிக்கொண்டே சாப்பிடுவார். எதையும் காதில் வாங்கியதில்லை. அந்தப் பேச்சு இல்லாமல் சோறு இறங்கவில்லை. சட்டத்தை அப்போதே எடுத்திருக்கலாம். ஆனால் மதினி முன்னால் போட்ட சட்டம். அப்பளம் இல்லாமல் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் முருகலட்சுமியோடு வயலுக்குப் போனபோது மூடாமல் கிடந்த மூன்று ஏக்கரிலும் மயில்கள். ஒன்று இரண்டல்ல, ஒரு கல்யாணக் கூட்டம். கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டிலிருந்து சொந்தபந்தத்தோடு வந்து, கால்களால் கிளறிக் கிளறி, பந்தியில் உட்கார்ந்ததுபோல நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. ஒரு ஆண் மயில் இவரைப் பார்த்துத் தோகை வேறு விரித்தது. பொன்னுச்சாமி மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். இந்த ஓரத்தில் விரட்டினால் அந்த ஓரத்தில் இறங்கின.

"முருகு! உன் சாமியோட வாகனம் பூரா நம்ம வயல்ல நிக்குது! விதையெல்லாம் போகுதே, என்ன செய்ய?"

அவள் விதை கிடந்த தரையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தவள் போல உதடு அசைந்தது. பிறகு அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

"மூடி."

இந்த முறை பொன்னுச்சாமி கோபப்படவில்லை. ஆஹா, விதையை மூடு என்கிறாள், இதுகூட நமக்குத் தோன்றவில்லையே என்று வீட்டுக்கு ஓடினார். நெல் காயப்போடும் தார்ப்பாய் ஒன்று, கிழிந்த சாக்கு எட்டு, அவளுடைய பழைய சேலை ஆறு. எல்லாவற்றையும் கொண்டுவந்து வயலில் விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்தார். மூன்று ஏக்கரில் கால் ஏக்கர்கூட மூடவில்லை. மயில்கள் சேலைமேல் ஏறி நின்று மறு பக்கத்தைக் கொத்தின. ஒரு குஞ்சுக்குச் சேலை ரொம்பப் பிடித்துப்போய் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டது.

சோணையம்மாள் வரப்பில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "என்ன கொழுந்தா, மயிலுக்குச் சீலை எடுத்துக் குடுக்குறியா? சீமந்தமா?"

முருகலட்சுமி தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் வரக் கூடாது என்பதுதான் சட்டம். போன் செய்யக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. டிராக்டருக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பொன்னுச்சாமி மெக்கானிக் நுஃமானைக் கூப்பிட்டார். அவன் பெரியபட்டினத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தான். பின்னால் பாத்திரச் சத்தமும் ஆள் சத்தமும் கலந்து கேட்டது.

"நுஃமானு, எனக்கு இல்லப்பா. தெரிஞ்சவரு ஒருத்தரு வண்டி."

"அந்தத் தெரிஞ்சவருக்கும் நீல வண்டியாண்ணே?"

"நீலந்தான். அது எதுக்கு இப்ப? பத்து நிமிசம் ஓடுது, அப்புறம் மூச்சுத் தெணறுன மாதிரி நின்னுபோகுது."

"டீசல் போய்ச் சேரலண்ணே. கிண்ணம்?"

"கழுவியாச்சு."

"ஃபில்டரு?"

"மாத்தியாச்சு."

"காத்து எடுத்தீங்களா?"

"வண்டிக்கும் எடுத்தாச்சு, எனக்கும் மூச்சு வாங்கிருச்சு."

"அப்ப மூடியத் திறந்து..." பாத்திரங்கள் கடகடவென்று உருண்டன. "மூடிண்ணே! மூடியத் திறந்து பாருங்க!"

பொன்னுச்சாமிக்குப் பிரியாணி வாசனையே வந்துவிட்டது. தம் போட்ட சட்டியின் மூடியைத் திறக்கப் போகிறார்கள், இந்த நேரத்தில் இவனைத் தொந்தரவு செய்கிறோமே என்று சங்கடப்பட்டார். "சரிப்பா, சரிப்பா. நீ சாப்புடு," என்று போனை வைத்துவிட்டார். நேற்றைய குழம்பு நினைவுக்கு வந்தது.

அன்று இன்னொரு அரை ஏக்கர் மூட முடிந்தது. மிச்சம் இரண்டரை.

மூன்றாம் நாள் வானம் கிழக்கே கறுத்துக் கிடந்தது. கடல் காற்று ஈரமாக வந்தது. வயலில் யாருமில்லை. கூலிப் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மதினியைக்கூடக் காணோம். முருகலட்சுமி வீட்டில் இருந்தாள். வண்டி வழக்கம்போலப் பத்தாவது நிமிஷத்தில் நின்றது.

பொன்னுச்சாமி இறங்கினார். இத்தனை நாளும் ஒவ்வொரு முறையும் வண்டியையோ, வெயிலையோ, மயிலையோ, முருகலட்சுமியையோ உரக்கத் திட்டிக்கொண்டேதான் டேங்க் மூடியைத் திருகியிருந்தார். அன்று திட்டினால் கேட்க ஆளில்லை. திட்டவும் தெம்பில்லை. பேசாமல் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம்.

பொன்னுச்சாமி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மூடியின் மேலே காய்ந்த சந்தனம். குங்குமத்தை நகத்தால் சுரண்டினார். அதற்குக் கீழே, குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்த இடம், சந்தனத்தால் கச்சிதமாக அடைபட்டிருந்தது. டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றுப் போக வேண்டும். அந்த ஓட்டைதான் வழி. வழியை அடைத்தால் பத்து நிமிஷத்துக்குமேல் டீசல் இறங்காது. ஒவ்வொரு முறையும் வண்டியை ஓட வைத்தது கிண்ணமும் இல்லை, ஃபில்டரும் இல்லை, பம்பும் இல்லை. வேப்பங்குச்சி விட்டுப் பார்க்க இவர் மூடியைத் திறந்ததுதான்.

மூடி. முதல் நாளே சொன்னாள். இரண்டாம் நாளும் சொன்னாள். நிக்காஹ் வீட்டிலிருந்து நுஃமானும் சொன்னான். அதற்கெல்லாம் முன்னால், ஆயுத பூஜையன்றே "அங்கன வேணாங்க, அந்த..." என்று அவள் ஆரம்பித்தது, அந்த மூடியில் வேண்டாம் என்று சொல்லத்தான்.

வயலைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டோரத்து ஒரு ஏக்கரில் விதை என்று சொல்ல எதுவுமே மிச்சமில்லை. மயில் கிளறிய குழிகள்தான் தெரிந்தன. எட்டு மாதம் நொச்சி இலைக்குள் அவள் பாதுகாத்த நெல். அவள் கையால் புடைத்த நெல். நான் ஒரு மடையன் என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்க மயில்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்வார்? நேரே வீட்டுக்குப் போய், "முருகு, நீ சொன்னதுதான் சரி," என்பார். பொன்னுச்சாமியும் நல்ல மனிதர்தான். ஆனால் மீசை என்று ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஓட்டையைத் திறந்துவிட்டு, பம்பைப் புதுசாக்கிவிட்டேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு கருவேல முள்ளை ஒடித்து ஓட்டையில் குத்தினார். முள் உள்ளே போனது. திருகினார். முறிந்தது. இப்போது சந்தனத்தோடு முள்ளும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. இனி ஒரு இரும்பு ஊக்கு இல்லாமல் முடியாது. அந்த வீட்டில் ஊக்கு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். முருகலட்சுமியின் தாலிச் சங்கிலி. அதில் எப்போதும் மூன்று ஊக்குகள் தொங்கும்.

மூடியைக் கைலி மடிப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் முருகலட்சுமி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில், இருக்கவே கூடாத நேரத்தில், சோணையம்மாள் இருந்தாள்.

"முருகு, ஒரு ஊக்கு குடு."

"எதுக்கு?"

"கால்ல முள்ளு ஏறிருச்சு."

முருகலட்சுமி அவர் காலைப் பார்க்கவில்லை. கைலி மடிப்பைத்தான் பார்த்தாள். டீசல் வாடைக்கு மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். பிறகு சங்கிலியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள்.

"குடு, நானே எடுத்துக்கிறேன்."

"உக்காருங்க."

"வேணாம் முருகு, சின்ன முள்ளுதான்..."

"காட்டுங்க."

உட்கார்ந்தார். அவர் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஊக்கை நிமிர்த்தினாள்.

"எங்க?"

இல்லாத முள்ளுக்கு இடம் காட்டுவது லேசான காரியமில்லை. "அங்கன... கொஞ்சம் தள்ளி... இல்ல, இங்கிட்டு..."

"இங்கனயா?"

"ஆத்தாடி!"

"ஆழமோ?"

"இல்ல இல்ல, மேலாப்புலதான்... ஐயய்யோ!"

"நல்லா தோண்டுத்தா முருகு," என்றாள் சோணையம்மாள் அக்கறையோடு. "கருவேல முள்ளு. விட்டா சீழ் வச்சிரும்."

"வந்திருச்சு! வந்திருச்சு! முள்ளு வெளிய வந்திருச்சு!" என்று பொன்னுச்சாமி துள்ளி எழுந்தார்.

எழுந்த வேகத்தில் கைலி மடிப்பு அவிழ்ந்தது. டேங்க் மூடி டங்கென்று தரையில் விழுந்து, ஒரு வட்டம் சுற்றி, சோணையம்மாளின் காலடியில் போய்ப் படுத்தது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன கொழுந்தா இது, மடியில கட்டிக்கிட்டு அலையிற?"

"மூடி," என்றாள் முருகலட்சுமி.

பொன்னுச்சாமி சரிந்து உட்கார்ந்தார். உள்ளங்காலில் மூன்று இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. அது வலித்ததாகவே தெரியவில்லை.

"சட்டத்த எடுத்துட்டேன் முருகு," என்றார். "மதினி, நீங்களும் கேட்டுக்கங்க. எடுத்தாச்சு. நீ பேசு. எம்புட்டு வேணாலும் பேசு. மொத நாளே ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லிருக்கலாம்ல? ஓட்டை அடைச்சிருக்குன்னு சொல்லிருக்கலாம்ல? உன் விதைதான போச்சு?"

முருகலட்சுமி மூடியை வாங்கி, ஊக்கை ஓட்டைக்குள் விட்டு நிதானமாகத் திருப்பினாள். முறிந்த முள் வந்தது. சந்தனம் பொடியாக உதிர்ந்தது. உதட்டில் வைத்து ஊதினாள். காற்று தடையில்லாமல் போனது.

"என் விதைதான்," என்றாள். "மயிலு கொத்தும்போது எனக்கு நெஞ்சுல கொத்துன மாதிரிதான் இருந்துச்சு. சேத்துச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா இந்த இருவத்தி மூணு வருசமா நான் ஆயிரம் வார்த்தை பேசிப் பாத்துட்டேன். ஒண்ணும் உங்க காதுல ஏறல. 'ம்'னு சொல்லிக்கிட்டே சோத்தத் திம்பீக. சரி, ஒரே ஒரு வார்த்தையாவது ஏறுதான்னு பாத்தேன்."

பொன்னுச்சாமி தலை குனிந்துகொண்டார். வேறொன்றும் அவருக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம். இதே வண்டியில் இவள் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். சிக்கலில் அவள் அய்யாவின் வயலில் ஓட்டிப் பழகிய கை. "இறங்கு, நம்ம வீட்டுப் பொம்பளைக டிராக்டர் ஓட்டுனா ஊரு சிரிக்கும்," என்று இவர் சொன்னார். அன்றும் அவள் "சரி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். இறங்கினாள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த 'சரி' இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

கிழக்கே எங்கோ இடி உருண்டது.

முருகலட்சுமி எழுந்தாள். கொடியில் கிடந்த அவருடைய முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"சாவி."

பொன்னுச்சாமி மதினியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

அவள் மூடியைத் திருகினாள். கை பம்பை நாலு அமுக்கு அமுக்கிக் காற்றை எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி உறுமியது. பொன்னுச்சாமி, பழைய காலத்துப் பெண்டாட்டி மாதிரி, மட்கார்டில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

கலப்பை இறங்கியது. முதல் சால் நூல் பிடித்ததுபோலப் போனது. பொன்னுச்சாமி போனை எடுத்து மணி பார்த்தார். ஐந்து நிமிஷம். எட்டு. ஒன்பது. பத்தாவது நிமிஷத்தில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நின்று தொலையட்டும் என்று அவர் மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. பதினைந்து. அரை மணி. அந்த மூலையை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ரோட்டில் சைக்கிளில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஊர் சிரிக்கப் போகிறது என்று பொன்னுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. "அங்கிட்டு ஓரத்துலயும் ஒரு ஓட்டு விடுங்க," என்று ஒருவர் வழி சொல்லிவிட்டுப் போனார். வரப்பில் ஓடிவந்த சோணையம்மாள் மட்டும் கத்தினாள்.

"ஏத்தா முருகு, மழை விட்டுக் காஞ்சதும் எங்க வயலுக்கும் வந்து ஓட்டிக் குடுத்தா! இந்த ஆளக் கூட்டியாராத!"

கடைசிச் சால் முடியும்போது முதல் துளி விழுந்தது. விதை இருந்த ஒன்றரை ஏக்கரும் மண்ணுக்குள் போய்விட்டது. ரோட்டோரத்து ஒரு ஏக்கருக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அது சொட்டை சொட்டையாகத்தான் முளைக்கும். பொங்கல் வரைக்கும் போகிற வருகிற எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். ஏன் அப்படி என்று கேட்பார்கள். மதினி சொல்லுவாள். அதைவிட, முருகலட்சுமி எதுவும் சொல்லாமல் தினமும் அந்த வழியாக நடந்து போவாள். அந்த நெல்லைத் திருப்பித் தர அவரால் ஆகாது.

வண்டி மழைக்குள் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. பொன்னுச்சாமிக்கு மனசு கொஞ்சம் லேசானது. லேசானதும் பழக்கம் திரும்பியது.

"முருகு, வரப்பு வருது பாரு. கியரக் கொற. அப்படித் திருப்பாத, இப்படித் திருப்பு. நான் சொல்றதக் கேளு, இந்த வண்டியப் பத்தி எனக்குத்தான்..."

முருகலட்சுமி திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மூடுங்க."

பொன்னுச்சாமி பதறிப்போய் எட்டி டேங்க் மூடியைப் பார்த்தார். அது நன்றாகத்தான் மூடியிருந்தது.